காற்றுக்குப் பொலிஸ் பதிவு

றஞ்சிதம் டீச்சர் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறிய காலையில் அவளுடைய தோள்பையில் ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளும், அடையாள அட்டையும், கொழும்பில் தங்கும் தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தன. அரசாங்கக் கந்தோர்களுக்குப் போவது அவளுக்குப் புதிதல்ல. பத்து மாதங்களுக்கு முன் புறக்கோட்டைக்குத் தையல் மெஷின் பெல்ட் வாங்கப் போன அவளுடைய கணவன் ஒஸ்வால்ட் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எந்த வாங்கில் இருந்தால் இடுப்பு வலிக்காது, எந்தக் கிளாக்கர் எத்தனை மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்புவார் என்பதெல்லாம் தெரியும். முதல் மூன்று மாதமும் அழுதாள். நாலாவது மாதம் அழுகை தானாக நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவள் யோசிக்கவில்லை.

இரத்தப் பரிசோதனைத் தாள் உம்மு குல்தூமுடையது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் றஞ்சிதம் நடத்திய நேர்சரியில் பதினேழு பிள்ளைகள். அதில் குல்தூம் ஐந்து வயதுக்காரி. போன வருடம் வரை கிழமை நாட்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மூச்சில் சொன்னவள், இப்போது புதனோடு நின்று முகட்டைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டாள். நேர்சரியின் பின்மதிலுக்கு அப்பால், பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை இரும்புப் பீப்பாக்களில் உருக்கும் பட்டறை இருந்தது. காலை பத்து மணிக்குப் புகை மதில் ஏறி வரும். மேசைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு படை படியும். நாக்கில் இலேசாக இனிக்கும்.

“டீச்சர், ரத்தத்துல ஈயம் ஈக்கி எண்டு டொக்டர் செல்றாரு,” என்றாள் குல்தூமின் உம்மா பஹ்மியா. “ஊட்டுல ஈயச் சட்டி ஒண்டும் இல்லியே. இது எங்கேந்து வந்த?”

டொக்டரால் பட்டறையை மூட முடியாது. பட்டறைக்கு அனுமதி கொடுத்த கந்தோரில் கேட்டபோது, காற்றில் ஈயம் இருப்பதாக யாராவது கடதாசி தந்தால் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கடதாசியைத் தரக்கூடிய ஒரே இடம், வளிமண்டலப் பார உலோகத் துணிக்கைகள் கண்காணிப்பு அதிகாரசபை.

அதிகாரசபை வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. அங்கே நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். மெஷின் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு குளிர்நாடு அன்பளிப்பாகக் கொடுத்த லேசர் நிறமாலைமானி. நாலாம் மாடியில், கடற்பக்க பல்கனியை ஒட்டிய ஏசி அறையில், கழுத்தில் பிளாஸ்டிக் மாலையோடு அது வீற்றிருந்தது. அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும்.

பணிப்பாளர் கலாநிதி முத்துலிங்கம் அவளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி விளக்கினார்.

“பாருங்கோ டீச்சர், காத்தை உள்ளுக்கு இழுக்கும். காத்தில இருக்கிற தூசிக்கு லேசரால ஒரு அடி. தூசி எரிஞ்சு ஒரு வெளிச்சம் விடும். ஈயத்துக்கு ஒரு நிறம், செம்புக்கு ஒரு நிறம். ஒண்டையும் ஒளிக்கேலாது. பொய் சொல்லவே தெரியாத மெஷின். அதாலதான் நாங்கள் அதைக் கண்டபடி கேள்வி கேக்கிறேல்ல.”

“அப்ப கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு வருவீங்களோ, சேர்?”

கலாநிதி அதிர்ந்து போனார். “வெளியிலயோ? வெளியில எவ்வளவு தூசி! மெஷின் பழுதாப் போயிடும்.”

ஐந்து வருடமாக அது அந்த பல்கனிக் காற்றைத்தான் அளந்துகொண்டிருந்தது. கடற்காற்று. தினமும் ஈயம் பூச்சியம். தினமும் ஒரு சான்றிதழ். அவற்றைக் கோவைப்படுத்த ஆறு பேர் இருந்தார்கள். கலாநிதி அன்றைய சான்றிதழ் ஒன்றை அவளுக்கு மாதிரிக்காகக் கொடுத்தார். தேன் நிறத் தடித்த கடதாசி, தங்க நிற முத்திரை.

கிளாக்கர் கனகேஸ்வரி ஒரு படிவத்தை நீட்டினாள். தூசித் துணிக்கையின் முழுப்பெயர். நிரந்தர முகவரி. கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம். எப்போது ஊர் திரும்பும்.

“இது எங்களுக்குப் பொலிஸில தாற ஃபோம் போல கிடக்கே, பிள்ளை.”

“ஓம் அக்கா, அதைத்தான் கொஞ்சம் மாத்தி எடுத்தவை. லேசர் எண்டபடியா பாதுகாப்பு மேலிடத்துக்கும் ஒரு கொப்பி போகோணும். தெரிஞ்ச ஃபோம் எண்டா கெதியா சைன் வைப்பினம்.”

றஞ்சிதம் பேனையை எடுத்தாள். பெயர்: ஈயம். முகவரி: பின்மதில். காரணம்: தொழில். எப்போது ஊர் திரும்பும் என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு, தெரியாது என்று எழுதினாள். தன்னுடைய படிவத்திலும் அவள் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

மெஷின் காற்றிடம் வர முடியாதென்றால் காற்று மெஷினிடம் வர வேண்டும். அதிகாரசபை அவளுக்கு ஒரு பெரிய பொலித்தீன் பையும், அதை நிரப்ப ஒரு கைப்பம்பும் கொடுத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பின்மதிலடியில் நின்று அவள் பையை நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பையைத் துவக்கின் முனையால் தொட்டான்.

“மேக்கே மொனவாத?” இதற்குள் என்ன என்று கேட்டான்.

“ஹுளங், மஹத்தயா.” காற்று என்றாள்.

“திற.”

அவள் திறந்தாள். சிப்பாய் உள்ளே பார்த்தான். கையை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வீதியைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

இரண்டாம் தடவை அதிகாரசபையின் கடிதத்தோடு போனாள். ‘காற்று, ஒரு பை, திறவற்க’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. சிப்பாய் சார்ஜன்டைக் கூப்பிட்டான். சார்ஜன்ட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். நல்ல மனிதர். சட்டமும் நிற்க வேண்டும், ஆசிரியையும் போக வேண்டும் என்று நினைத்து, பாதிக் காற்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீதியை அனுப்பி வைத்தார். வெள்ளவத்தையில் அரைப் பை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

மூன்றாம் தடவை முழுப் பை போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்தக் காற்று கொட்டாஞ்சேனையைச் சேர்ந்ததுதான் என்பதற்குக் கிராம சேவகரின் அத்தாட்சி இல்லை. கிராம சேவகர் நோபேட் தலையைச் சொறிந்தார்.

“நான் எப்பிடி அத்தாட்சிப்படுத்திறது டீச்சர்? காலமை என்ர பிரிவில இருக்கும், பின்னேரம் கிராண்ட்பாஸுக்குப் போயிடும். சிலவேளை முகத்துவாரத்துக்கும் போகும். ஒரு இடத்தில நிக்காத ஆளுக்கு நான் கையெழுத்து வைச்சா நாளைக்கு என்னையல்லோ கேப்பினம்?”

“காலமையில பிள்ளையளுக்குள்ள போறது உங்கட பிரிவிலதான் சேர்.”

நோபேட் அவளைப் பார்த்தார். பிறகு, ‘மேற்படி காற்றை நான் கடந்த ஆறு மாத காலமாக நேரில் அறிவேன், அது எந்தக் குற்றச் செயலிலும் ஈடுபட்டதாக என் அறிவுக்கு எட்டவில்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார். வேறு மாதிரி எழுத அவரிடம் வசனம் இருக்கவில்லை.

நாலாம் தடவை பை மெஷினின் வாய்க்குப் போனது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஸவாஹிர் பொத்தானை அழுத்தினான். ஐந்து வருடமாகக் கடற்காற்றைத் தவிர வேறொன்றும் அளந்திராத பெடியன் அவன். டிக், டிக் என்று லேசர் அடித்தது. திரையில் தரையோடு படுத்துக் கிடந்த கோடு ஓரிடத்தில் எழுந்து, எழுந்து, மேல் விளிம்பில் போய் முட்டியது.

“டீச்சர்,” என்றான் ஸவாஹிர் மெதுவாக, “இதுதான் ஈயம். நான் படிச்ச புத்தகத்தில கூட இந்தளவு உசரத்துல காணல்ல.”

றஞ்சிதம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சந்தோஷமோ பயமோ ஏதாவது வரும் என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். வரவில்லை. “அப்ப கடதாசியைத் தாங்கோ தம்பி,” என்றாள்.

கடதாசி கிடைக்கவில்லை. கலாநிதி முத்துலிங்கம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அந்தக் காற்று பஸ்ஸில் வந்த காற்று. பஸ்ஸில் எத்தனையோ பேர். ஈயம் வழியில் ஏறியிருக்கலாம். ஆகவே மாதிரி செல்லாது. “ஆனா இது சின்ன விசயமில்லை,” என்றார். “எங்கட அதிகாரசபைத் தலைவர் ஐயாவே வந்து பாக்க வேண்டிய விசயம். எங்கட அஞ்சாவது ஆண்டு நிறைவை உங்கட நேர்சரியில வைப்பம். மெஷினை ஏசி வானில கொண்டுவாறம்.”

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. ஒழுங்கைக்குத் தார் போட்டார்கள். பௌசரில் தண்ணீர் கொண்டுவந்து மதில்களையும் கூரைகளையும் மூன்று நாள் கழுவினார்கள். மெஷினுக்குத் தூசி ஆகாது. பிரமுகர்கள் இருமக்கூடாது என்பதற்காகப் பட்டறைக்கும் கடிதம் போனது. மூன்று நாள் பீப்பாக்கள் குளிர்ந்து கிடந்தன. பட்டறை முதலாளி பெருந்தன்மையானவர். விழாவுக்கான பந்தலும் நாற்காலிகளும் அவருடைய உபயம். முன்வரிசையில் அவருக்கும் ஒரு நாற்காலி.

மெஷினுக்குப் பிளக் பொயின்ற் இருந்த ஒரே இடம் வகுப்பறை. மேசைகளை ஒதுக்கி அதை நடுவில் வைத்தார்கள். பிள்ளைகள் பதினேழு பேரும் மெஷினைச் சுற்றிப் பாய்களில் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு ஒரு பொலிஸ்காரராக நாலு பேர் நின்றார்கள். லேசர் ஆகாயத்தை நோக்கிப் போய்விடக்கூடாது. வடக்கிலிருந்து விமானம் வந்து கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன வருடம் அது.

குத்துவிளக்கை ஏற்றியபின் தலைவர் பேசினார். அவர் சிங்களத்தில் பேசப் பேசக் கலாநிதி தமிழாக்கினார்.

“அன்பார்ந்த குழந்தைகளே! கண்ணுக்குத் தெரிகிற எதிரியை எல்லோரும் கவனிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவனை எங்கள் அதிகாரசபை கவனிக்கிறது. இந்த நாட்டில் அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒரு தூசிகூடத் தங்க முடியாது என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன். எமது அளவுத்திட்டம் உலகத் தரமானது. ஒரு மனிதன் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், அரசாங்க விடுமுறை தவிர்த்து, சுவாசிப்பதாக வைத்துக்கொண்டே கணக்கிட்டிருக்கிறோம். அதற்கு மேல் சுவாசிப்பது அவரவர் சொந்தப் பொறுப்பு. ஐந்து வருடத்தில் எமது மெஷின் ஒரு தடவைகூட ஈயத்தைக் காணவில்லை. கண்டிருந்தால் நாங்கள் எவ்வளவு சங்கடப்பட்டிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்!”

கலாநிதி கையைக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் கையை மட்டும் தட்டுவதில்லை, உடம்பு முழுவதாலும் தட்டுவார்கள். பதினேழு பேரும் பாய்களில் துள்ளினார்கள். கூரையைக் கழுவியவர்கள் பாய்களைக் கழுவவில்லை. இரண்டு வருடப் புகையின் படிவு பாய்களின் கோரைக்குள்ளிருந்து மெல்ல எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியபடி மெஷினின் வாயை நோக்கிப் போயிற்று.

டிக், டிக், டிக். கோடு திரையின் உச்சியில் முட்டியது. இதுவரை யாரும் கேட்டிராத ஒரு மணி மெஷினுக்குள்ளிருந்து அடித்தது.

மணி ஓய்ந்தபோது தலைவர், “அது என்ன?” என்று கேட்டார்.

“ஈயம், சேர்,” என்றான் ஸவாஹிர்.

“எங்கே?”

“இங்க. இந்த ரூமுக்குள்ள.”

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து மிகுந்த கவலையோடு தலையை ஆட்டினார். தன்னுடைய பட்டறை மூன்று நாளாக மூடியிருப்பதை எல்லோரும் அறிவார்கள் என்றார். தலைவர் கலாநிதியைப் பார்த்தார். கலாநிதி கூரையைப் பார்த்தார். ஜன்னலடியில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு விஞ்ஞானம் விளங்கவில்லை. ஆனால் ஈயம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். துவக்குக்கு ரவை செய்கிற சாமான். அது கொட்டாஞ்சேனையில், ஒரு தமிழ்ப் பெண்ணின் அறைக்குள், மூடிய கதவுக்குப் பின்னால் அகப்பட்டிருக்கிறது.

றஞ்சிதத்தை ஜீப்பில் ஏற்றும்போது பஹ்மியா ஓடி வந்து கதவைப் பிடித்தாள். “அல்லாவே, டீச்சர்! நாங்க சென்னதுக்குத்தானே நீங்க போன!” றஞ்சிதம், “பிள்ளையளுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் குடுங்கோ. நேரமாச்சு,” என்றாள்.

பொலிஸில் இன்ஸ்பெக்டர் பெரிய புத்தகத்தை விரித்தார். தமிழ் கொஞ்சம் கதைப்பார். அவளுடைய பெயரை எழுதும்போதே, அதே பெயரில் ஒரு பழைய முறைப்பாடு இருப்பதைக் கண்டார். கணவன் காணாமற்போன முறைப்பாடு. “நீங்கதானா?” என்று கேட்டார். “ஓம் சேர்.” வேறொன்றும் கேட்காமல் பக்கத்தைப் புரட்டினார்.

“இந்த ஈயம் எவ்வளவு நாள் வச்சிருக்கிறது?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“யார் தந்தது?”

“மதிலுக்கு அங்கால இருந்து வாறது.”

“அங்க போய்ப் பார்த்தது. ஒன்றும் இல்ல. உங்க ரூமிலதான் இருந்தது. வேற எங்க மறைச்சு வச்சிருக்கு?”

அவள் களைத்திருந்தாள். இந்த அறையின் இந்த வாங்கு இடுப்புக்குக் கூடாத வாங்கு. யோசிக்காமல் உண்மையைச் சொன்னாள். “பிள்ளையளின்ர ரத்தத்துக்குள்ள இருக்கு, சேர்.”

பேனை நின்றது. இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அந்த முகத்தில் ஒரு தகப்பனின் முகம் வந்து போனதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு பேனை திரும்பவும் கடதாசியில் ஊன்றியது.

“எத்தனை பிள்ளை? பேர் சொல்லுங்க.”

பதினேழு பெயர். தினமும் காலையில் இடாப்புப் பார்க்காமலே கூப்பிடுகிற பெயர்கள். ஒரு பெயர் இப்படிப்பட்ட புத்தகத்தில் ஏறினால் பிறகு அதற்கு என்ன நடக்கும், யார் யார் அதைப் புரட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அழுகை நின்றதற்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது.

“பேர் ஞாபகமில்லை, சேர்.”

“நீங்க டீச்சர்!”

“ஓம் சேர். ஞாபகமறதி. ஈயத்தால அப்பிடி வருமாம். டொக்டர் சொன்னவர்.”

பின்னேரம் வரை கேட்டார்கள். பின்னேரம் வரை அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வெளியே பஹ்மியாவும் இன்னும் ஒன்பது தாய்மாரும் வெயிலில் நின்றார்கள். கடைசியில் சட்டமே அவளைக் காப்பாற்றியது. கைப்பற்றிய பொருளின் நிறையைப் புத்தகத்தில் பதிய வேண்டும். மெஷினின் வடிகட்டித் தாளைக் கொண்டுவந்து பொலிஸ் தராசில் வைத்தார்கள். தராசு பூச்சியம் காட்டியது. வேறு தராசு கொண்டுவந்தார்கள். அதுவும் பூச்சியம். பூச்சியம் கிராம் ஈயத்துக்கு வழக்குப் போட முடியாது. அவளைப் போகச் சொன்னார்கள். நேர்சரிக்கு மட்டும் சீல் வைத்தார்கள்.

பத்து நாளில் அதிகாரசபையின் அறிக்கை வந்தது. கொட்டாஞ்சேனையில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டடம் மூடப்பட்டது. ஆகவே ஈயப் பிரச்சினை தீர்ந்தது. ஸவாஹிரைக் கோவைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பின்மதிலுக்கு அப்பால் பத்து மணிக்குப் புகை ஏறியது.

சீல் வைத்தவர்கள் வெளியே போட்டிருந்த பாய்களை றஞ்சிதம் எரிக்காமல் ஈரச் சாக்கில் கட்டி ஒதுக்கினாள். பிறகு, கலாநிதி மாதிரிக்காகத் தந்த சான்றிதழை எடுத்து வாசித்தாள். ‘இவ்விடத்துக் காற்றில் ஈயம் இல்லை.’ இந்த நகரத்தில் நல்ல காற்று என்று அரசாங்கமே எழுதித் தந்திருப்பது அந்தக் கட்டடத்தின் கடற்பக்கத்துக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை அவளும் பஹ்மியாவும் பதினொரு பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றினார்கள். மற்ற ஆறு பேரின் வீட்டார் செக்பொயின்றுக்குப் பயந்து அனுப்பவில்லை. அதுவும் நியாயமான பயம்தான். வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கைகோர்த்துக் கடந்து, கல்லணைக்கும் மணலுக்கும் நடுவில், அதிகாரசபையின் பல்கனிக்கு நேர் கீழே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அங்கே நேர்சரி நடந்தது. மழை நாளில் நடக்கவில்லை. ரயில் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள்.

நாலு மாதம் கழித்துக் குல்தூமின் இரத்தத்தை மறுபடி பார்த்தார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டொக்டர். எலும்புக்குள் போனது வெளியே வரக் காலம் எடுக்கும் என்றார். மறந்தது திரும்பி வருமா என்று பஹ்மியா கேட்டாள். அவர் அடுத்த பரிசோதனைக்குத் திகதி எழுதிக் கொடுத்தார்.

மேலேயிருந்து பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டு ஒரு நாள் கலாநிதி முத்துலிங்கம் எட்டிப் பார்த்தார். றஞ்சிதம் விரட்டுவார்கள் என்று நினைத்து மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். ஆனால் அவர் சிரித்த முகத்தோடு, படப்பிடிப்பாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

“டீச்சர், இதுதான் நாங்கள் இவ்வளவு காலமும் தேடினது! பயனாளிகள்! ஆண்டறிக்கைக்கு ஒரு படம் வேணும். பிள்ளையள், எல்லாரும் மேல மெஷினைப் பாருங்கோ. இப்ப நல்லா ஆழமா மூச்செடுங்கோ பாப்பம். காத்து! காத்து வருது!”

பதினொரு பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்குப் பழகியவர்கள். மதிலுக்கு மேலால் புகை வரும்போது றஞ்சிதம் அந்த ஒரு சொல்லைத்தான் சத்தமாகச் சொல்வாள். ஒருவர் தவறாமல் எல்லோரும் வலது கையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டு, கண்களை அகல விரித்து, மூச்சை அடக்கி, ஆடாமல் அசையாமல் நின்றார்கள்.

படம் மிக நன்றாக வந்தது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் வர்ணத்தில் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: ‘அதிகாரசபைக்கு மரியாதை செலுத்தும் சிறுவர்கள்.’